எண்ணெயை மிச்சம் பிடித்த என்ஜினீயர்

ஓசூர்ப் பக்கமிருந்து காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, விடியற்காலையில் பெங்களூரு மார்க்கெட்டுக்கு வரும் பிக்கப் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். வண்டி வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர் கொடுக்கும் என்பதுதான்.

விற்கிறவர் ஒரு கணக்கு சொல்வார். மூட்டை ஏற்றி, மேடு ஏறி, நெரிசலில் நின்று நின்று வந்து சேர்ந்த பிறகு டிரைவர் போடும் கணக்கு வேறாக இருக்கும்.

இந்தக் கேள்வி இன்று பிறந்தது அல்ல. 100 ஆண்டுகளுக்கு முன்பே, எரிக்கும் எண்ணெயில் எவ்வளவு வேலையாக மாறுகிறது, எவ்வளவு வீணாகப் போகிறது என்று கேட்டு, அதற்கு விடை காண்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் ஒருவர் இருந்தார். அவர் பெயரைத்தான் இன்று எல்லா பெட்ரோல் பங்குகளிலும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அவர், ருடால்ப் டீசல்.

பாரீசில் பிறந்தார்

டீசல், 1858-ம் ஆண்டு மார்ச் மாதம் 18-ந் தேதி பாரீஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியா பகுதியைச் சேர்ந்தவர்கள். தந்தை தியோடர், புத்தகம் பைண்டு செய்பவர். தோல் சாமான்களும் செய்து விற்றார். பட்டறையில் தயாரான பொருள்களைத் தள்ளுவண்டியில் வைத்து வாடிக்கைக்காரர்களின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவன் ருடால்பின் வேலை.

1870-ம் ஆண்டு பிரான்சுக்கும் ஜெர்மானியர்களுக்கும் போர் மூண்டது. ஜெர்மானியர்கள் பிரான்சை விட்டு வெளியேற வேண்டிய நிலை ஏற்பட்டது. டீசல் குடும்பம் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே பிழைப்பு கடினமாக இருந்தது. அப்போது ருடால்புக்கு 12 வயது. ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அவனைத் தனியே ரெயில் ஏற்றி அனுப்பினார்கள்.

அந்த வீட்டுக்காரர் கணித ஆசிரியர். அவர் நிழலில் பையன் நன்றாகப் படித்தான். என்ஜினீயர் ஆவது என்று 14 வயதிலேயே முடிவு செய்துவிட்டான். உபகாரச் சம்பளம் கிடைத்தது. மூனிக் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தான்.

மனதைத் தைத்த பாடம்

அந்தக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் கார்ல் லிண்டே. ஐஸ் உற்பத்தி செய்யும் எந்திரங்களை அமைத்துப் புகழ் பெற்றவர். 1878-ம் ஆண்டு ஒரு நாள் அவர் நீராவி என்ஜினைப் பற்றிப் பாடம் நடத்தினார். நிலக்கரியை எரிப்பதால் கிடைக்கும் வெப்பத்தில் 100-க்கு 6 முதல் 10 பங்குதான் வேலையாக மாறுகிறது, மீதி எல்லாம் வீண் என்று விளக்கினார்.

20 வயது மாணவனின் மனதில் அது ஆழமாகத் தைத்தது. அந்த வீணைத் தடுக்க முடியாதா என்று தன் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டான். அன்று பிடித்த அந்த எண்ணம் கடைசி வரை அவரை விடவில்லை.

இறுதித் தேர்வு நேரத்தில் டைபாய்டு காய்ச்சல் வந்து அவரால் தேர்வு எழுத முடியவில்லை. அடுத்த தடவை, 1880-ம் ஆண்டு ஜனவரியில், மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றுத் தேறினார். பிறகு லிண்டேயின் ஐஸ் கம்பெனிக்காகப் பாரீசில் வேலை பார்த்தார். 1883-ல் மார்த்தா என்ற பெண்ணை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தன. பகலில் ஐஸ் தொழிற்சாலை, ஓய்ந்த நேரத்தில் என்ஜின் ஆராய்ச்சி என்று பத்து ஆண்டுகள் ஓடின.

தீப்பொறி இல்லாத நெருப்பு

சைக்கிளுக்குக் காற்று அடித்தால் பம்பு சூடாவதை எல்லோரும் அறிவார்கள். காற்றை அழுத்தினால் அது சூடாகும். மிக அதிகமாக அழுத்தினால், எண்ணெய் பட்டதும் தானே பற்றிக்கொள்ளும் அளவுக்குக் கொதிக்கும்.

டீசலின் திட்டம் இதுதான். சிலிண்டருக்குள் காற்றை மட்டும் இழுத்து, கடுமையாக அழுத்த வேண்டும். கொதிக்கும் அந்தக் காற்றுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயைச் செலுத்த வேண்டும். தீப்பொறி தேவை இல்லை. அதிகமாக அழுத்தி எரிப்பதால், எரிந்த வாயு நன்றாக விரிந்து பிஸ்டனைத் தள்ளும். வெப்பத்தில் பெரும் பங்கு வேலையாக மாறும்.

1892-ம் ஆண்டு பிப்ரவரியில் ஜெர்மனியில் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். மறு ஆண்டு அது கிடைத்தது. ஒரு புத்தகமும் வெளியிட்டார். அவர் முதலில் போட்ட கணக்குப்படி, வெப்பத்தில் 73 சதவீதம் வரை வேலையாக மாற வேண்டும்.

காகிதத்தில் கணக்கு சரியாகவே இருந்தது. பட்டறையில்தான் தகராறு தொடங்கியது.

நான்கு ஆண்டு சோதனை

ஆக்ஸ்பர்க் எந்திரத் தொழிற்சாலையும், புகழ் பெற்ற குருப் கம்பெனியும் டீசலுக்குக் கைகொடுத்தன. முதல் என்ஜின் தயாராயிற்று. 1893-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி அதில் முதல் தடவையாக எரிபொருளைச் செலுத்தினார்கள். பயங்கரச் சத்தத்துடன் அழுத்தம் தாவியது. அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. அருகில் இருந்தவர்கள் தப்பியது அதிர்ஷ்டம்தான்.

ஆனால் அழுத்தினாலே நெருப்புப் பிடிக்கும் என்பது அன்று உறுதியாகிவிட்டது.

1894-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி, திருத்தி அமைத்த என்ஜின் முதல் தடவையாகத் தன் சொந்த சக்தியில் ஓடியது. ஒரே ஒரு நிமிடம். அவ்வளவுதான். அதற்குள், தான் முன்பு போட்ட கணக்கு நடைமுறைக்கு ஒத்து வராது என்பதை டீசல் உணர்ந்திருந்தார். அவ்வளவு அழுத்தம் கொடுத்தால், கிடைக்கும் சக்தியை உராய்வே தின்றுவிடும். எரியும் முறையையும் அழுத்தத்தையும் மாற்றினார். மேலும் மூன்று ஆண்டுகள் போயின.

1897-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி. மூனிக் கல்லூரிப் பேராசிரியர் மோரிட்ஸ் ஷுரோட்டர் வந்து, என்ஜினுக்கு உண்மையான சுமை கொடுத்து ஓட்டச் செய்தார். செலவான மண்எண்ணெயை அளந்தார். ஒரு குதிரை சக்தியில் ஒரு மணி நேரம் வேலை செய்ய 238 கிராம் எண்ணெய் செலவாயிற்று. வெப்பத்தில் 26.2 சதவீதம் வேலையாக மாறி இருந்தது.

கணக்கில் 73. கையில் கிடைத்தது 26. ஆனாலும் அன்று உலகில் இருந்த எந்த என்ஜினும் அதை நெருங்க முடியவில்லை. லிண்டே சொன்ன நீராவி என்ஜினைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். அந்த என்ஜின் இன்றும் மூனிக் நகரின் ஜெர்மன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கோடீஸ்வரர் ஆனார்

செய்தி பரவியதும் பல நாட்டுத் தொழிலதிபர்கள் ஆக்ஸ்பர்க்குக்குப் படையெடுத்தார்கள். அமெரிக்க உரிமையை பீர் தொழிலதிபர் அடால்பஸ் புஷ் 10 லட்சம் மார்க்குக்கு வாங்கினார். ரஷ்ய உரிமையை நோபல் குடும்பத்தைச் சேர்ந்த இம்மானுவேல் நோபல் பெற்றார். 40 வயதுக்குள் டீசல் பெரும் பணக்காரர் ஆகிவிட்டார். மூனிக் நகரில் மாளிகை எழுப்பினார்.

ஆனால் சோதனைக் கூடத்தில் ஒழுங்காக ஓடிய என்ஜின், வாடிக்கைக்காரர் இடத்தில் முரண்டு பிடித்தது. 1898-ல் கெம்ப்டன் நகரத் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு முதல் என்ஜின் விற்கப்பட்டது. அங்கே ஒன்று மாற்றி ஒன்றாகக் கோளாறு. வேறு இடங்களிலும் இதே கதை. பேராசிரியர் பக்கத்தில் நின்று ஓட்டுவது வேறு. தூசியிலும் புகையிலும் தொழிலாளி நாள் முழுவதும் ஓட்டுவது வேறு. டீசல் பெயரில் ஆக்ஸ்பர்க்கில் தொடங்கிய தனித் தொழிற்சாலையையும் மூட வேண்டியதாயிற்று.

காப்புரிமை வழக்குகள் வேறு வந்தன. டீசலின் உடலும் மனமும் தளர்ந்தன. 1898-ல் மருத்துவ விடுதியில் சேர்ந்து சிகிச்சை பெற்றார். ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் லவுஸ்டர் என்ற என்ஜினீயரும் மற்றவர்களும் பொறுமையாக உழைத்து, என்ஜினை நம்பத் தகுந்ததாகச் செய்து முடித்தார்கள்.

1900-ம் ஆண்டு பாரீஸ் உலகக் கண்காட்சியில் டீசல் என்ஜினுக்கு உயர்ந்த பரிசு கிடைத்தது. அங்கே ஒரு டீசல் என்ஜினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். 1912-ல் டென்மார்க் நாட்டின் செலாண்டியா என்ற கப்பல், டீசல் என்ஜின் பலத்தில் கோபன்ஹேகனில் இருந்து பாங்காக் வரை போய்வந்தது.

நிறைவேறாத ஆசை

டீசலுக்கு ஒரு ஆசை இருந்தது. பெரிய முதலாளிகளிடம் மட்டுமே இருந்த எந்திர சக்தி, சின்னப் பட்டறைக்காரனுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அது. ரோட்டில் ஓடும் வண்டிக்கும் தன் என்ஜினைப் பொருத்த முயன்றார். முடியவில்லை. எண்ணெயை சிலிண்டருக்குள் ஊதிச் செலுத்த, காற்றை அழுத்தும் கனமான கருவி ஒன்று கூடவே வேண்டி இருந்தது. கப்பலும் தொழிற்சாலையும் அதைத் தாங்கின. வண்டி தாங்கவில்லை.

இதற்கிடையே அவருடைய பணம் கரைந்துகொண்டே வந்தது. நிலத்திலும் எண்ணெய்க் கிணறுகளிலும் போட்ட முதல் திரும்பி வரவில்லை. ஊருக்கு அவர் கோடீஸ்வரர். அதுவும் காகிதக் கணக்குதான். உண்மையில் கடன் கழுத்தை நெரித்தது. மனைவிக்குக்கூட முழு நிலவரம் தெரியாது.

கடலில் மறைந்தார்

1913-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி மாலை. பெல்ஜியம் நாட்டின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் டீசல் ஏறினார். இங்கிலாந்தில் புதிய என்ஜின் தொழிற்சாலை சம்பந்தமாகப் போய்க்கொண்டிருந்தார். நண்பர்கள் இருவர் உடன் இருந்தார்கள். இரவுச் சாப்பாடு முடிந்தது. காலையில் எழுப்பச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

காலையில் அறை காலியாக இருந்தது. படுக்கை கலையவில்லை. தொப்பியும் மேல்கோட்டும் கப்பலின் மேல்தளத்தில் கிடந்தன.

சில நாட்கள் கழித்து, டச்சுப் படகுக்காரர்கள் கடலில் ஒரு உடலைக் கண்டார்கள். சட்டைப் பையில் இருந்த சிறு பொருள்களை எடுத்துக்கொண்டு, உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். அந்தப் பொருள்கள் தன் தந்தையுடையவைதான் என்று மகன் ஆய்கென் அடையாளம் காட்டினார். பயணத்துக்கு முன் டீசல் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துத் திறக்கும்படி சொல்லி இருந்தார். அதில் 2 லட்சம் மார்க் ரொக்கம் இருந்தது. பாங்கிக் கணக்குகளோ ஏறக்குறைய காலி. அவர் தானே உயிரை விட்டாரா, தவறி விழுந்தாரா, வேறு யாராவது காரணமா என்பது இன்றுவரை தீராத மர்மம். அப்போது அவருக்கு வயது 55.

ரோட்டுக்கு வந்தது

அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1923-24-ல், ஜெர்மனியில் டீசல் லாரிகள் வெளிவந்தன. 1927-ல் ராபர்ட் பாஷ் கம்பெனி, எண்ணெயை நேராகச் செலுத்தும் சிறிய பம்புகளைப் பெருவாரியாகத் தயாரிக்கத் தொடங்கியது. காற்றை அழுத்தும் கனமான கருவிக்கு வேலை போயிற்று. 1936-ல் மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனியின் டீசல் கார் வந்தது. பிறகு சிறு வியாபாரியின் பிக்கப் வண்டிக்கும் அது வந்து சேர்ந்தது. டீசலின் ஆசை அந்த வகையில் நிறைவேறியது.

இன்றைய லாரி என்ஜின்கள் வெப்பத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் வேலையாக மாற்றுகின்றன. ஒரு லிட்டர் டீசலில், ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடுதல் சக்தி உண்டு. டீசல் பிக்கப் அதிக மைலேஜ் கொடுப்பதற்கு இவை இரண்டும் காரணம்.

ஆனால் கம்பெனி சொல்லும் கணக்கு, சோதனைக் கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை ஓட்டி எடுத்தது. ரோட்டிலே அளவுக்கு மீறிய மூட்டை, காற்று இறங்கிய டயர், நின்ற இடத்தில் உறுமும் என்ஜின், குறுகிய தூர ஓட்டம் எல்லாமே எண்ணெயைக் குடிக்கும். வேகம் இரு மடங்கானால் எதிர்க்காற்றின் தடை நான்கு மடங்காகும். உயர்ந்த முகமுள்ள பிக்கப்புக்கு இது இன்னும் பெரிய நஷ்டம்.

உண்மைக் கணக்கு வேண்டுமானால், ஷுரோட்டர் செய்ததைத்தான் செய்ய வேண்டும். டாங்கியை முழுதாக நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, வழக்கமான சுமையுடன் வழக்கமான ரோட்டில் சில நாட்கள் ஓட்ட வேண்டும். மறுபடியும் முழுதாக நிரப்பி, ஓடிய கிலோ மீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் அந்த வண்டியின் மைலேஜ்.