மண்டையோட்டின் மெய்யுரைத்த வெசாலியஸ்

பல்வலியோ தாடைவீக்கமோ கண்டு புகலிட நாடுகளின் மருத்துவமனைகளுக்குச் செல்லும் எம்மவர்க்கு, வைத்தியர் தலையின் எக்ஸ்ரே படத்தைக் காட்டி ஒவ்வோர் எலும்பாக விளக்குவது வழக்கமான காரியமாகிவிட்டது. கீழ்த்தாடை ஒரே எலும்பு என்பது அப்படத்தைப் பார்க்கும் எவர்க்கும் தெரியும். ஆயினும், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பாவின் தலைசிறந்த வைத்தியர்கள் அது இரண்டு எலும்புகளால் ஆனது என்றே படித்தனர், படிப்பித்தனர். பழைய நூல் அவ்வாறு கூறியமையே காரணம். அந்நூலையும் மனித மண்டையோட்டையும் அருகருகே வைத்து ஒப்புநோக்கத் துணிந்த அந்திரேயாஸ் வெசாலியஸின் வாழ்க்கையை இன்று எமது வாசகர்கள் முன் வைக்கின்றோம்.

வெசாலியஸ் 1514ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் நாள் புரூசெல்ஸ் நகரிற் பிறந்தார். அவரது முன்னோர் பல தலைமுறைகளாக வைத்தியர்கள். தந்தையார் பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸின் மருந்தாளர். லூவெனில் மொழிகளும் கலைகளும் கற்றபின், 1533இல் மருத்துவம் பயிலப் பாரிஸ் சென்றார். அங்கு உடற்கூற்றியலில் இறுதித் தீர்ப்பாகக் கொள்ளப்பட்டவை, 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் கேலனின் நூல்களே. பேராசிரியர் உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து நூலை வாசிப்பார். கீழே நாவிதர் ஒருவர் பிணத்தை அறுப்பார். வாசிப்பவர் பிணத்தைத் தொடுவதில்லை. அறுப்பவர் நூலை அறிவதில்லை. நூலுக்கும் உடலுக்குமிடையே முரண் இருப்பினும் அதனைக் காண்பதற்கு அங்கு எவரும் இருக்கவில்லை.

மாணவரான வெசாலியஸ் பாரிஸின் பழைய இடுகாடு ஒன்றிற் குவிந்து கிடந்த எலும்புகளிடையே நாட்களைக் கழித்தார். கண்களைக் கட்டிக்கொண்டு, கையில் தரப்படும் எலும்பு எதுவெனத் தடவியே சொல்லுமளவுக்கு அவருக்குப் பயிற்சி உண்டாயிற்று. 1536இல் பிரான்சுக்கும் பேரரசருக்கும் போர் மூண்டது. பேரரசரின் குடியாகிய அவர், படிப்பு முடியுமுன்னரே பாரிஸை விட்டு நீங்க நேர்ந்தது. போரினாற் பல்கலைக்கழகப் படிப்பை இடைவழியில் விட்டுவந்த எமது இளைஞர்கள் பலர்க்கு இந்நிலையை நாம் விளக்க வேண்டியதில்லை. லூவெனுக்குத் திரும்பிய வெசாலியஸ், ஊருக்கு வெளியே தூக்குமரத்தில் உலர்ந்து தொங்கிய ஒருவனது எலும்புக்கூட்டைப் பகுதி பகுதியாக வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்தினார். கேட்டவர்களுக்கு, அது பாரிஸிலிருந்து வந்ததென்று சொல்லி வைத்தார்.

1537 டிசெம்பரில் இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றார். மறுநாளே அங்கு அறுவை மருத்துவமும் உடற்கூற்றியலும் கற்பிக்க நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 22. பேராசிரியரின் ஆசனத்தை விட்டிறங்கிக் கத்தியைத் தமது கையில் எடுத்தார். மாணவர்கள் சூழ்ந்து நிற்க, அறுத்தபடியே விளக்கினார்.

எனினும் கேலனின் பிடியிலிருந்து அவர் ஒரே நாளில் விடுபட்டாரல்லர். மூளையின் அடிப்புறத்தில் நுண்ணிய இரத்தக்குழாய்களாலான வியத்தகு வலையொன்று உண்டென்றும், உடலின் உயிராற்றல் அவ்விடத்திலேயே மன ஆற்றலாக மாறத் தொடங்குகின்றதென்றும் கேலனின் வழிவந்தோர் நம்பினர். ஆட்டிலும் மாட்டிலும் அவ்வலை உண்டு, மனிதரில் இல்லை. 1538இல் வெளியிட்ட படங்களில் வெசாலியஸும் அதனை மனிதருக்கு வரைந்தே காட்டினார். மனிதத் தலையை அறுத்துக் காட்டும்போது அருகே ஆட்டுத்தலை ஒன்றையும் வைத்திருந்து, மனிதனிற் காணக்கிடையாத வலையை அதிற் காட்டி வந்தார். கண் கண்டதைவிட நூல் சொன்னதே பெரிதாக இருந்த காலம் அது. பின்னர் இதனை அவரே தமது நூலில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, மனிதருக்கு அவ்வலை இல்லை என்று மறுத்துரைத்தார். பிறர் பிழையைக் காட்டியவர்கள் பலர். தமது பிழையையும் அதே ஏட்டில் எழுதியவர்கள் சிலரே.

எலும்புகளை ஆராயுந்தோறும் உண்மை மேலும் தெளிவாயிற்று. கேலன் பெரும்பாலும் குரங்கு, பன்றி, மாடு ஆகியவற்றையே அறுத்தவர். மனித உடலை அறுக்க அவர் காலத்து உரோமில் இடமிருக்கவில்லை. குழந்தை பிறக்கும்போது இரு பாதிகளாயிருக்கும் கீழ்த்தாடை முதலாண்டிலேயே ஒன்றிவிடுகின்றது. நாய் போன்ற விலங்குகளிற் பிரிவு வளர்ந்த பின்னும் நிலைக்கின்றது. மேற்றாடை எலும்பின் பொருத்துகளிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. இதனைக் கண்கூடாகக் காட்டவே, நாயின் மண்டையோட்டின் மீது மனித மண்டையோட்டை வைத்து வரைந்த படமொன்றை அவர் தமது நூலிற் சேர்த்தார்.

மண்டையோட்டின் அடியில் ஆப்புப் போலச் செருகி நிற்கும் எலும்பையும் அவர் முன்னெவரும் விளக்காத தெளிவுடன் விளக்கினார். அதன் சிறகுகளே முகத்தின் ஆழ்ந்த வெளிகளுக்குச் சுவராக அமைகின்றன. கன்ன எலும்பின் வளைவுக்கு உட்புறம் ஒரு பள்ளம் உண்டு. மெல்லும் தசைகளும், தாடைக்குச் செல்லும் நரம்பும், இரத்தக்குழாய்களும் அதில் நிறைந்துள்ளன. அதற்கும் உள்ளே, மேற்றாடையின் பின்னாலுள்ள சிறு பிளவு கண்குழி, மூக்கு, அண்ணம், மண்டையறை ஆகிய நான்குடனும் துளைகளால் தொடர்புற்றுள்ளது. பழுதடைந்த கடைவாய்ப் பல்லொன்றின் சீழ், இவ்வழிகளால் அரிதாகக் கண்ணையோ மூளையையோ எட்டுவதும் உண்டு. பல்வலியை அற்பமென்று தள்ளிப்போடுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

படங்கள் செதுக்கப்பட்ட மரக்கட்டைகள் அல்ப்ஸ் மலையைக் கடந்து சுவிற்சர்லாந்தின் பாசல் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கு ஒப்போரினுஸ் என்பாரின் அச்சகத்தில், 1543இல் மனித உடலின் அமைப்புப் பற்றிய ஏழு பாகங்கள் கொண்ட பெருநூல் வெளிவந்தது. ஆசிரியருக்கு அப்போது வயது 28. அச்சுவேலை நடந்த காலத்தில், மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட யாக்கோப் கரர் என்பவனின் உடலை அவர் பாசலில் அறுத்து, எலும்புக்கூட்டைப் பொருத்திக் கொடுத்தார். அது அந்நகர்ப் பல்கலைக்கழகத்திற் காக்கப்பட்டுள்ளது. அவர் அறுத்த உடல்களுட் பெரும்பாலானவை பெயரறியாதோருடையவை. உறவினர் கேட்டுவர இயலாதோருடையவை. எமது நோயைத் தீர்க்கும் அறிவு அத்தகையோரின் உடல்களிலிருந்தும் வந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. அவரது பாரிஸ் ஆசிரியர் சில்வியுஸ், கேலன் தவறவில்லை, கேலனின் காலத்துக்குப் பின்னர் மனித உடலே மாறிவிட்டது என்று வாதாடினார். மாணவரைப் பித்தனென்று பழித்து 1551இல் நூலே எழுதினார். அதற்கு முன்னரே மனமுடைந்திருந்த வெசாலியஸ், பேரரசரின் அரண்மனை வைத்தியராகச் சேர்ந்தபோது, கேலன் பற்றிய குறிப்புகள் உட்படத் தமது கையெழுத்துப் பிரதிகள் பலவற்றைத் தீயிலிட்டார். பின்னர் அதற்காக வருந்தினார்.

1559 ஜூன் 30ஆம் நாள் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றி, குதிரைப் போட்டியில் ஈட்டிச் சிலும்பு கண்ணருகே பாய்ந்து வீழ்ந்தார். வெசாலியஸ் அழைக்கப்பட்டார், புகழ்பெற்ற அறுவை வைத்தியர் அம்புருவாஸ் பாரேயும் அங்கிருந்தார். ஜூலை 10ஆம் நாள் மன்னர் இறந்தார். தலையைத் திறந்து பார்த்தபோது மண்டையோடு உடைந்திருக்கவில்லை. அடிபட்ட பக்கத்துக்கு எதிர்ப்புறத்திலேயே மூளை பழுதுற்றிருந்தது. எலும்பு உடையாமலும் மூளை சிதையலாம் என்பதற்கு இது நிலையான சான்றாயிற்று.

1562 ஏப்பிரிலில் ஸ்பானிய இளவரசர் டொன் கார்லோஸ் படியிலிருந்து வீழ்ந்து பின்தலையிற் காயமுற்றார். காய்ச்சல் ஏறியது, வீக்கம் முகமெங்கும் பரவிக் கண்கள் மூடிக்கொண்டன. தலைத்தோலுக்கும் எலும்புக்கும் இடையேயுள்ள தளர்ந்த படையில் சேரும் சீழ், தடையின்றி முன்னோக்கி வழிந்து இமைகளை அடையக்கூடும். மண்டையோட்டைத் துளைக்க வேண்டுமென வெசாலியஸ் கருதினார். எலும்பைச் சுரண்டிப் பார்த்தபோது பழுது காணப்படவில்லை. மூர் இனத்து வைத்தியரொருவரின் களிம்பும், துறவி தியேகோவின் திருவுடலும்கூடக் கொண்டுவரப்பட்டன. ஈற்றில் இமைகளைக் கீறிச் சீழை வெளியேற்றியபின் இளவரசர் தேறினார். புகழ் துறவிக்கே சென்றது. 1588இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

1564இல் ஸ்பெயினை விட்டு ஜெருசலேம் யாத்திரை சென்ற வெசாலியஸ், திரும்பும் வழியிற் கடற்பயணத்தின் இன்னல்களால் நோயுற்று, கிரேக்கத் தீவான சாக்கிந்தோஸில் ஒக்டோபர் மாதம் காலமானார். அவரது கல்லறை இன்றில்லை. அம்மரக்கட்டைகளும் 1944இல் மியூனிக் நகர் மீது வீழ்ந்த குண்டுகளால் அழிந்தன. நூல் நிலைத்தது. அவர் தொடங்கிவைத்த கல்வி 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயையும் எட்டியது. அங்கே கிறீன் வைத்தியர் உடற்கூற்றைத் தமிழிலே கற்பித்துத் தமிழிலே நூலும் ஆக்கினார்.

வெசாலியஸும் பிழைக்கு அப்பாற்பட்டவரல்லர். கண்வில்லை விழியின் நடுவே இருப்பதாக அவர் வரைந்தது தவறு. பதுவாவில் அவருக்குப் பின் கற்பித்த பலோப்பியோ, 1561இல் அவரது கூற்றுகள் பலவற்றைப் பணிவுடன் திருத்தி எழுதினார். தம்மைத் திருத்தியவருக்கு வெசாலியஸ் சினமின்றி, மதிப்புடன் மறுமொழி எழுதினார். தம் ஆசிரியரிடம் தமக்குக் கிடைக்காத நீதியைத் தமக்குப் பின்வந்தவருக்கு அவர் வழங்கினார்.