திரு.வி.க.: தலைமை கனிந்த வரலாறு

தமிழ்த்தென்றல் திரு.வி. கலியாணசுந்தரனாரை இலக்கிய உலகம் உரைநடை வல்லாராகவும் மேடைத் தமிழை வளர்த்தவராகவும் போற்றுகிறது. தொழிலாளர் உலகமோ அவரைத் தன் முதல் தலைவர்களுள் ஒருவராகக் கொண்டாடுகிறது. பள்ளியில் தமிழ்ப்பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் ஆயிரக்கணக்கான ஆலைத் தொழிலாளர்க்குத் தலைவரானது எங்ஙனம்? பிறவித் தலைவர் என்று கூறி அகல்வது எளிது. அவர் வாழ்வை அடியொற்றிச் செல்வார்க்கு அவ்விடை நிறைவளிப்பதில்லை.

செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள துள்ளம் என்னும் சிற்றூரில் 1883 ஆகஸ்டு 26ஆம் நாள் விருத்தாசல முதலியாரின் மகனாக அவர் பிறந்தார். குடும்பம் சென்னை இராயப்பேட்டைக்குக் குடிபெயர்ந்தது. 1894இல் வெஸ்லி பள்ளியில் சேர்ந்த சிறுவனுக்கு நோயும் அதற்குச் செய்த மருத்துவமும் சேர்ந்து கைகால்களை முடக்கிவிட்டன. நான்காண்டுகள் படிப்பு நின்றது. 1898இல்தான் மீண்டும் பள்ளிக்குச் செல்ல முடிந்தது. தன்னினும் இளைய பிள்ளைகளோடு அமர்ந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கவேண்டிய நிலை. மேடையில் பின்னாளில் அவரிடம் காணப்பட்ட பொறுமைக்கு வித்து இவ்வாண்டுகளில் விழுந்திருக்கலாம்.

அப்பள்ளியில் அவருக்கு வாய்த்த ஆசான் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை. வள்ளலார் பாடல்களைப் பற்றி எழுந்த அருட்பா மருட்பாப் பூசலில் கதிரைவேற்பிள்ளை நீதிமன்றம் ஏறவேண்டி வந்தது. ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லச் சென்ற மாணவர் 1904இல் பள்ளி இறுதித் தேர்வை எழுத இயலாமற் போயிற்று. பட்டமும் அரசுப் பணியும் அன்றோடு கைநழுவின. சான்றிதழ் தராத கல்வியை அவர் பின்னர்த் தேடித் தேடிப் பெற்றார். கதிரைவேற்பிள்ளை 1907இல் மறைந்த பின், மயிலைத் தணிகாசல முதலியாரிடம் தமிழ் நூல்களையும் சைவ நூல்களையும் பாடங்கேட்டார். வயது வந்த ஒருவர் மீண்டும் மாணவராய் ஏடு விரிப்பது அந்நாளிலும் எளிதன்று. 1908இல் அவர் எழுதி வெளியிட்ட முதல் நூல் தம் ஆசிரியரின் வரலாறே.

ஸ்பென்சர் நிறுவனத்தில் கணக்கர் வேலை சில காலம் கிடைத்தது. 1907இல் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் ஆற்றிய சொற்பொழிவுகள் நகரத்து இளைஞர்களை உலுக்கிய காலம் அது. அரசியல் ஆர்வம் முற்றியது, வேலை நிலைக்கவில்லை. பின்னர் ஆயிரம்விளக்கு வெஸ்லி பள்ளியில் ஆசிரியரானார். அதன்பின் வெஸ்லி கல்லூரியில் தமிழ் கற்பித்தார். ஆசிரியப் பணியின் இயல்பை இங்கே எண்ணிப்பார்க்க வேண்டும். தான் அறிந்ததைச் சொல்வது அப்பணியில் பாதியே. எதிரே அமர்ந்திருப்பவர்க்கு எது விளங்கவில்லை என்று முகத்தைப் பார்த்து அறிவது மறுபாதி. பிற்காலத்தில் எழுத்தறியாத் தொழிலாளர் கூட்டத்தின் முன் நின்றபோது கைகொடுத்தது அந்த மறுபாதியே.

1912இல் கமலாம்பிகை அம்மையாரை மணந்தார். மனைவிக்குத் தாமே தமிழ் கற்பித்தார். பிறந்த இரு குழந்தைகளும் மிக இளமையிலேயே மறைந்தனர். 1917 டிசம்பரில் ஆசிரியப் பணியை உதறித் தேசபக்தன் நாளிதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். மாதச் சம்பளத்தின் உறுதியை விட்டு அடக்குமுறைக் காலத்து நாளேட்டுக்கு வந்தது துணிவான செயல். அரசியலை ஆங்கிலத்தில் சிந்தித்து ஆங்கிலத்திலேயே பேசிய படித்த வகுப்பாரிடையே, அயல்நாட்டுச் செய்தியையும் அரசாங்கச் சட்டத்தையும் நாள்தோறும் தமிழில் வடித்துத் தரவேண்டியிருந்தது. கருத்துக்குச் சொல் இல்லையெனின் சொல்லைத் தேடவேண்டும். அச்சுக்குப் போகும் நேரத்துக்குள் தேடவேண்டும். குறுந்தொடர்களாய் ஒலிநயத்தோடு ஓடும் அவர் நடை இந்நெருக்கடியில் பதம் பெற்றது எனலாம். நடையழகை மட்டும் வியப்போர் அச்சுக்கூடத்தின் இப்பங்கை மறந்துவிடுகின்றனர்.

பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலை செய்தோர் அருகிலிருந்த வணிகர்களான செல்வபதி செட்டியாரிடமும் இராமானுஜலு நாயுடுவிடமும் தம் குறைகளைச் சொல்வது வழக்கம். பகலுணவுக்கு விடும் நேரம் உண்ணக்கூடப் போதவில்லை என்பது அக்குறைகளுள் ஒன்று. அவ்விருவரும் நடத்திவந்த வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை, சமயச் சொற்பொழிவுக்கென அமைந்தது. அங்கே 1918 மார்ச்சில் கலியாணசுந்தரனார் மேலைநாட்டுத் தொழிலாளர் இயக்கம் பற்றி எடுத்துரைத்தார். ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா தலைவர், கலியாணசுந்தரனார் துணைத்தலைவர்களுள் ஒருவர். வாடியா ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழாக்கிச் சொல்லும் பணியும் அவர் போன்றோர்க்கு வாய்த்தது. பிறர் கருத்தைத் தம் வாயால் சொல்லிச் சொல்லி அவர் தொழிற்சங்கப் பாடம் பயின்றார். புராணம் கேட்கக் கூடியவர்களுக்குப் புராணம் சொல்லும் மொழியிலேயே கூலியையும் வேலைநேரத்தையும் பற்றிப் பேசத் தெரிந்தது அவர் பெற்றிருந்த தனிவலிமை.

அவ்வாண்டு செப்டம்பர் 18ஆம் நாள் கமலாம்பிகை அம்மையார் காசநோயால் மறைந்தார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது, மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஆண்டிறுதியில் ஆலைக் கதவடைப்பு வந்தது. துயரை ஆற்றிக்கொள்ளவும் பொழுது கிட்டவில்லை. பெண்ணின் பெருமை என்னும் அவரது 1927ஆம் ஆண்டு நூலை இவ்விழப்பை அறிந்து படிப்பது வேறுவகைப் படிப்பாகும்.

ஆலை நிர்வாகம் தொடுத்த வழக்கின் விளைவாக 1921இன் தொடக்கத்தில் வாடியா சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. பொறுப்பின் பெருஞ்சுமை கலியாணசுந்தரனார் தோளில் இறங்கியது. ஜூனில் வேலைநிறுத்தம் மூண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் அதில் நீடிக்கவில்லை, எம்.சி. ராஜா போன்ற அவர்தம் தலைவர்களும் அதனை ஏற்கவில்லை. புளியந்தோப்பில் கலகம் வெடித்தது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஆளுநர் வில்லிங்டன் சங்கத் தலைவர்களை அழைத்து நாடுகடத்துவதாக எச்சரித்தார். அரசியலில் எதிரணியினரான நீதிக்கட்சித் தலைவர் பிட்டி. தியாகராயர் தலையிட்டதால் அது நிகழாமற் போயிற்று. ஆயினும் போராட்டம் தோற்றது.

இத்தோல்வியைப் புகழுரைகள் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுகின்றன. தாண்டுவது முறையன்று. ஆலைக்குள் ஒரே தறிச்சாலையில் நின்றவர்கள் வெளியே வந்ததும் தெருவாகவும் சேரியாகவும் பிரிந்தனர். சில மாதப் பட்டினியைத் தாங்கும் வலு எல்லார்க்கும் ஒன்றாயிருக்கவில்லை என்பதைச் சங்கம் முன்னரே கணக்கிடவில்லை. வாடியா மொழிந்த தொழிற்சங்கப் பாடத்தில் சாதி என்னும் அதிகாரம் இல்லை. அதைக் கலியாணசுந்தரனார் புளியந்தோப்பின் சாம்பலில்தான் படித்தார். அடுத்த ஆண்டுகளில் 1920 அக்டோபரில் தொடங்கிய அவரது நவசக்தி இதழில் சாதி வேற்றுமைக்கும் தீண்டாமைக்கும் எதிரான குரல் ஓயாமல் ஒலித்தது.

கற்றவர் எல்லாவற்றையும் கற்றுவிட்டார் என்பதற்கில்லை. 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் கூடிய தமிழ்நாடு காங்கிரசு மாநாட்டுக்கு அவரே தலைவர். சேரன்மாதேவி குருகுலப் பூசலில் ஒரே அணியில் நின்ற ஈ.வெ. இராமசாமியார், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை அங்கே கொண்டுவந்தார். தலைவர் அதற்கு இடந்தரவில்லை. இராமசாமியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். தமிழக அரசியலின் போக்கே மாறியது. மாநாட்டு ஒழுங்கைக் காக்கும் கடமையில் கலியாணசுந்தரனார் அன்று வழுவவில்லை. ஆயினும், எதிரே அமர்ந்தவரின் முகக்குறிப்பை அறியும் ஆசிரியக் கண் அப்பொழுது அவருக்குத் துணை செய்யவில்லை என்றே கருதவேண்டும். பிளவு நட்பை அழிக்காமல் இருவருமே பார்த்துக்கொண்டனர். 1948இல் இந்தி எதிர்ப்பு மாநாட்டு மேடையில் மறைமலையடிகளோடு இவ்விருவரும் தோன்றினர்.

மெல்ல மெல்லக் கட்சி அரசியலினின்றும் அவர் ஒதுங்கினார். தொழிலாளரை விட்டு ஒதுங்கவில்லை. 1947இல் அதே பெரம்பூர் ஆலைகளில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தபோது, தாம் வளர்த்த காங்கிரசின் அரசாங்கமே அவரை வீட்டுக்காவலில் வைத்தது. அறுபத்து மூன்று வயது முதியவர். வாயிலில் காவலர் நிற்க, உள்ளே அவர் அமைதியாகவே இருந்தார். விடுதலைக்குச் சில வாரங்களே எஞ்சியிருந்தன.

இறுதி ஆண்டுகளில் கண்ணொளி மங்கி மறைந்தது. படிக்கவும் எழுதவும் இயலாத நிலையில் அவர் பாக்களை வாய்மொழியாகச் சொன்னார், அருகிருந்தோர் எழுதிக்கொண்டனர். 1950இல் இருளில் ஒளியும் அடுத்த ஆண்டில் முதுமை உளறலும் இவ்வாறு வெளிவந்தன. 1953 செப்டம்பர் 17ஆம் நாள் அவர் மறைந்தார்.