நோயின் வேர் கண்டவர்

பச்சைமலைச் சாரலில் மந்தை மேய்ப்போராயினும், காவிரிக் கரையில் பட்டி அடைப்போராயினும், ஆடுமாடு வளர்ப்பவர்க்கு அடைப்பான் என்னும் பெயர் அச்சந் தருவது. மாலையில் நன்கு மேய்ந்து திரும்பிய ஆடு, காலையில் வயிறு ஊதி மாண்டு கிடக்கும். உறையாத கருங்குருதி அதன் மூக்கிலும் வாயிலும் வடிந்திருக்கும். காற்றின் குற்றம் என்று சிலரும், மண்ணின் குற்றம் என்று சிலரும், தெய்வத்தின் சினம் என்று சிலரும் இதற்குக் காரணம் கூறி வந்தனர். நம் நாட்டில் மட்டுமன்று; ஐரோப்பாவிலும் அந்நாளில் இதே நிலைதான். அந்நோயை விளைப்பது கண்ணுக்குப் புலனாகாத ஓர் உயிரே என்பதை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பித்தவர், பெரிய கல்லூரியின் ஆசிரியர் அல்லர். சிற்றூர் ஒன்றில் கைநாடி பார்த்துப் பிழைத்து வந்த மருத்துவர். அவரே இராபர்ட் கோக்.

செருமனி நாட்டில் ஹார்ஸ் மலைப் பகுதியில் உள்ள கிளௌஸ்தால் என்னும் சுரங்க ஊரில், 1843-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சுரங்க அலுவலர். பெற்றோருக்குப் பிள்ளைகள் பதின்மூவர். பள்ளிக்குச் செல்லும் முன்பே, ஐந்து வயதில், செய்தித்தாளை வைத்துக்கொண்டு தாமே படிக்கக் கற்றார் என்பர். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1866-இல் பட்டம் பெற்றார். அங்கு அவருக்கு வாய்த்த ஆசிரியருள் ஒருவராகிய ஹென்லே, தொற்றுநோய்களுக்கு நுண்ணிய உயிர்களே காரணமாதல் வேண்டும் என்று பல்லாண்டுகட்கு முன்பே எழுதியவர். அவ்வித்து மாணாக்கர் உள்ளத்தில் விழுந்து, காலம் வரும்வரை உறங்கிக் கிடந்தது.

1872-இல் கோக், வோல்ஸ்டைன் என்னும் சிற்றூரில் அரசு மருத்துவராக அமர்ந்தார். இன்று அவ்வூர் போலந்து நாட்டில் உள்ளது. பகலெல்லாம் நோயாளரைக் காண்பதிலேயே கழியும். மருத்துவ அறையின் ஒரு மூலையைத் திரையிட்டு மறைத்து, அதனையே தம் ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார். மனைவியார் பரிசாக அளித்த நுண்பெருக்காடி ஒன்றே அங்கிருந்த பெருஞ்செல்வம். அவ்வட்டாரத்தில் அடைப்பான் நோயால் ஆடுமாடுகள் மடிந்துகொண்டிருந்தன. மாண்ட ஆட்டின் குருதியில் கோல் போன்ற சிறு உருக்கள் இருத்தலை முன்னரே வேறு அறிஞர் சிலர் கண்டிருந்தனர். ஆயினும் அவை நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்பது விளங்காமலே இருந்தது. சாவு வீட்டில் ஒருவன் நிற்கக் கண்டதனாலேயே அவனைக் கொலைகாரன் என்று துணிந்துவிட இயலுமா?

கோக் துணியவில்லை, ஆராய்ந்தார். மரச் சிராய்களை நெருப்பில் காய்ச்சித் தூய்மை செய்து, அவற்றில் நோயுற்ற குருதியைத் தோய்த்துச் சுண்டெலிகளின் வாலடியில் செருகினார். மறுநாள் எலிகள் இறந்தன. அவற்றின் குருதியிலும் கோலுருக்கள் நிறைந்திருந்தன. ஓர் எலியிலிருந்து மற்றோர் எலிக்கு என அந்நோயைப் பல தலைமுறை நடத்திக் காட்டினார். இதனோடும் அவர் அமையவில்லை. குருதியில் கிருமியோடு வேறு நஞ்சும் கலந்து சென்றிருக்கலாம் அன்றோ? ஆதலின், மாட்டின் கண்ணினுள் உள்ள தெளிந்த நீரில் அக்கிருமிகளை வளர்த்தார். அதிலிருந்து ஒரு துளியை வேறு நீரிலும், அதிலிருந்து ஒரு துளியை மற்றொன்றிலும் மாற்றி மாற்றி வளர்த்தார். பழங்குருதியின் சாயலும் இல்லாத அத்துளியை எலிக்குச் செலுத்தியபோதும் அந்நோயே தோன்றியது. கோல் வடிவக் கிருமி நீண்டு நூலாகி, நூலினுள் மணி கோத்தாற்போல விதைகள் தோன்றுவதையும் இரவுபகலாக விழித்திருந்து கண்டார். அவ்விதைகள் வெயிலுக்கும் வறட்சிக்கும் அழியாமல் மண்ணில் நெடுங்காலம் கிடப்பன. பல ஆண்டுகட்கு முன் ஆடு மடிந்த மேய்ச்சல் நிலம் திடீரென மீண்டும் மந்தையைக் கொல்லும் மாயம் இதனால் விளங்கிற்று.

1876-இல் பிரெஸ்லௌ நகரம் சென்று, பெர்டினாண்டு கோன் என்னும் தாவரநூற் பேராசிரியர் முன் மூன்று நாள் தம் சோதனைகளைச் செய்துகாட்டினார். பெயரறியா நாட்டுப்புற மருத்துவர் என்று அவர்கள் அவரைப் புறக்கணிக்கவில்லை. அவ்விடத்தில் இருந்த பேராசிரியர் ஒருவர், தம் உதவியாளர்களை உடனே வேலையை நிறுத்திவிட்டுச் சென்று காணுமாறு ஏவினார். அந்நன்மனம் இல்லாதிருந்தால் கோக்கின் உழைப்பு வோல்ஸ்டைன் மூலையிலேயே மறைந்திருக்கக்கூடும்.

1880-இல் பெர்லின் நகரத்து அரசு நலத்துறைக் கழகத்திற்கு அழைக்கப்பெற்றார். கிருமிகளைப் பிரித்தறியும் கலை உருவானது அங்கேதான். நுண்ணுயிர்கள் பளிங்கு போல நிறமற்றவை; நீரில் நீர்போல் மறைவன. அவற்றைக் கண்ணாடிச் சில்லில் மெல்லியதாகத் தடவி, உலர்த்தி, இளஞ்சூட்டில் பதியவைத்துச் சாயம் ஏற்றினால் தெளிவாகத் தோன்றும். எனினும், உருவை மட்டும் கண்டு கிருமியின் இனத்தை உறுதி செய்தல் அரிது. கோல் வடிவின பல, உருண்டை வடிவின பல. ஒவ்வோர் இனத்தையும் தனியே பிரித்து வளர்த்தல் வேண்டும். குழம்பிலோ நீரிலோ வளர்த்தால் எல்லா இனங்களும் கலந்துவிடும். வெந்த உருளைக்கிழங்குத் துண்டின்மேல் வெவ்வேறு நிறப் புள்ளிகள் தனித்தனியே தோன்றியதைக் கண்ட கோக், திண்ணிய பரப்பில் விழுந்த ஒரு கிருமி விழுந்த இடத்திலேயே பெருகித் தன் குலத்தைத் தனியே நிறுவும் என உணர்ந்தார். நெல்லும் சாமையும் கலந்த குவியலிலிருந்து ஒரு வகையைப் பொறுக்குவது கடினம். ஒவ்வொரு மணியையும் எட்ட எட்ட விதைத்துவிட்டால் பயிரே தன் இனத்தைக் காட்டும்.

முதலில் செலாட்டின் என்னும் கூழையே அவர் பயன்படுத்தினார். அது சிறிது வெப்பம் ஏறினாலே உருகுவது. திருச்சிராப்பள்ளியின் சித்திரை வெயிலில் ஒரு நாழிகையும் நில்லாது. அக்குறையை நீக்கியவர் பேனி ஹெஸ்ஸே என்னும் அம்மையார். கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மருத்துவர் ஒருவரின் மனைவியார் அவர். பழக்கூழ் உறைவதற்குத் தாம் பயன்படுத்திய கடற்பாசிப் பொருளாகிய அகர் அகரை எடுத்துரைத்தார். நோன்புக் காலத்தில் நம் ஊர்களில் இனிப்புச் செய்யும் கடற்பாசியும் அதுவே. உலகெங்கும் இன்றும் ஆய்வுக்கூடங்களில் கிருமி வளர்ப்பது அதன்மேல்தான். கோக் தம் கட்டுரையில் அகரைக் குறித்தார்; அம்மையாரைக் குறித்தாரல்லர். குறித்திருத்தல் வேண்டும்.

1882-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள், எலும்புருக்கி எனப்படும் காசநோயின் கிருமியைக் கண்டறிந்த செய்தியைப் பெர்லினில் அறிஞர் அவையில் வெளியிட்டார். அக்கிருமி எளிதில் சாயம் ஏற்பதில்லை. வளர்வதற்கும் வாரங்கள் பல ஆகும். பிறர் சலித்துக் கைவிட்ட இடத்தில் அவர் காத்திருந்தார். அவர் பேசி முடித்தபோது அவையில் மறுத்துரைப்பார் ஒருவரும் இல்லை. அனைவரும் வாய்பேசாது எழுந்து, அவர் பரப்பி வைத்திருந்த நுண்பெருக்காடிகளில் கிருமியைக் காணச் சென்றனர் என்பர். அந்நாளே இன்று உலகக் காசநோய் நாளாகக் கொள்ளப்படுகிறது.

அடுத்த ஆண்டில் எகிப்து நாட்டில் காலரா பரவியது. பிரான்சிலிருந்து ஒரு குழுவும், செருமனியிலிருந்து கோக் தலைமையில் ஒரு குழுவும் அலெக்சாந்திரியா சென்றன. இரு நாடுகளும் பகைமை பாராட்டி வந்த காலம் அது. பிரெஞ்சுக் குழுவைச் சேர்ந்த துய்லியே என்னும் இளைஞர் அந்நோய்க்கே இரையானார். கோக்கும் அவர் தோழர்களும் மலர்வளையம் ஏந்திச் சென்று அவர் இறுதிச் சடங்கில் கலந்து கொண்டனர். அதற்குள் எகிப்தில் நோய் தணிந்துவிட்டது. நோய் நீங்காது நிலைத்திருக்கும் நாட்டைத் தேடிக் கோக் இந்தியாவுக்குக் கப்பலேறினார். 1883 திசம்பர் 11-ஆம் நாள், தம் நாற்பதாம் வயது நிறைந்த அன்றே, கல்கத்தாவை அடைந்தார்.

வாந்திபேதி என நம்மவர் கூறும் அந்நோய், அக்காலத்தில் ஊரையே துடைத்துச் செல்வது. திருவரங்கம் போன்ற தலங்களில் திருவிழாக் கூட்டம் கூடும்போதெல்லாம் அதன் அச்சமும் உடன் கூடும். கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கோக் தம் பணியைத் தொடங்கினார். இறந்தோர் குடலிலும், நோயுற்றோர் கழிவிலும் எங்கும் ஒரே கிருமி காணப்பட்டது. 1884 சனவரியில் அதனைத் தனியே வளர்த்துவிட்டார். ஏனைய கோற்கிருமிகளைப் போல நேராக இராது, காற்புள்ளி போலச் சிறிது வளைந்திருந்தது. செலாட்டின் பரப்பில் அது வளருமிடத்தில் கூழ் உருகிக் குழியும். கண்ணாடித் தூளைத் தூவியதுபோல் மின்னும். வேறு காரணங்களால் பேதியுற்று இறந்தோரிடம் அக்கிருமி இல்லை. ஈரத்துணியில் அது விரைந்து பெருகியது, உலர்ந்தால் இறந்தது.

அந்நாளில் கல்கத்தாவின் ஒரு பகுதியில், குளம் ஒன்றைச் சுற்றி வாழ்ந்த குடிகளிடையே காலரா தோன்றியது. குளித்தல், துணி துவைத்தல், பாத்திரம் கழுவுதல், குடிநீர் எடுத்தல் யாவும் அக்குளத்திலேயே. முதலில் இறந்தவர் துணிகள் அங்கே துவைக்கப்பட்டன என்பதைக் கோக் கேட்டறிந்தார். குளத்து நீரைச் சோதித்தார். அவ்வளைந்த கிருமி நீரில் இருந்தது. நோய் தணியத் தணியக் குளத்தில் அதன் அளவும் குறைந்தது. இலண்டன் மருத்துவர் சான் சுநோ 1854-இலேயே குடிநீரைச் சுட்டிக் காட்டியிருந்தார். அவ்வாண்டிலேயே இத்தாலியரான பச்சீனி அக்கிருமியைக் கண்டு எழுதியும் உலகம் செவிசாய்க்கவில்லை. நீரும் கிருமியும் நோயும் ஒரே சங்கிலியாகக் கண்முன் நின்றது கல்கத்தாக் குளத்தங்கரையில்தான்.

ஆயினும் ஒரு குறை எஞ்சியது. விலங்குகளுக்குக் காலரா வருவதில்லை. கிருமியைச் செலுத்தி நோயை உண்டாக்கிக் காட்டுதல் வேண்டும் என்று தாமே வகுத்த விதியை இங்கே கோக் நிறைவேற்ற இயலவில்லை. அதனை அவர் மறைக்கவுமில்லை. வெயில் ஏறியதும் தாயகம் மீண்டார். நாடே அவரைக் கொண்டாடியது. ஆனால், ஆங்கில அரசு அனுப்பிய ஆய்வாளர் அவர் முடிவை ஏற்றிலர். மியூனிக் நகரத்து முதுபேராசிரியர் பெட்டன்கோபரோ, 1892-இல் காலராக் கிருமி வளர்ந்த நீரைத் தாமே பருகிக் காட்டினார். அவருக்கு வயிறு சிறிதளவே இளகிற்று. அவ்வாறே பருகிய அவர் மாணாக்கர் ஒருவர் பெரிதும் துன்புற்றார். அவ்வாண்டிலேயே ஹாம்பர்க் நகரில் 8,000-க்கு மேற்பட்டோர் காலராவால் மாண்டனர். அந்நகர் எல்பே ஆற்று நீரை வடிகட்டாது குடித்தது. அதனை ஒட்டியே இருந்த ஆல்டோனா நகர் மணலில் வடிகட்டிக் குடித்துப் பெரும்பாலும் தப்பியது. இதற்குமேல் வாதிட என்ன இருக்கிறது? எஞ்சிய குறையை நீக்கியவர் ஓர் இந்தியர். கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் தே, முயலின் குடற்பகுதியைக் கட்டி அதனுள் கிருமியைச் செலுத்தினால் நீர் பெருகுவதை 1953-இல் காட்டினார்; கிருமிகளை வடித்து நீக்கிய சாறே அவ்வாறு செய்வதையும் 1959-இல் கண்டு, காலரா நஞ்சை வெளிப்படுத்தினார்.

கோக்கின் வாழ்வில் ஒரு சறுக்கலும் உண்டு. 1890-இல் காசநோய்க்கு மருந்து கண்டதாக அறிவித்தார். டியூபர்குலின் என்னும் அதன் செய்முறையை முதலில் வெளியிடவும் இல்லை. உலகெங்குமிருந்து நோயாளர் பெர்லினுக்கு விரைந்தனர், பலர் நலமடையவில்லை, சிலர் இறந்தனர். ஒன்றைப் பன்முறை சோதித்தன்றி உரையாதவர், அம்முறை ஏனோ விரைந்துவிட்டார். மருந்தாகத் தோற்ற அப்பொருள், காசநோய்த் தொற்றைக் கண்டறியும் தோற்சோதனையில் பின்னர்ப் பயன்பட்டது.

1897-இல் பிளேக் நோயை ஆராய மீண்டும் இந்தியா வந்து பம்பாயில் தங்கினார். 1905-இல் நோபல் பரிசு பெற்றார். 1910 மே 27-ஆம் நாள் பாடன்-பாடன் நகரில் உயிர் நீத்தார். அவருடைய சாம்பல் பெர்லினில் அவர் பெயரால் விளங்கும் ஆய்வுக் கழகத்தில் வைக்கப்பெற்றது. அவரிடம் பயின்று, இசிவுநோய்க் கிருமியை முதன்முதல் தனியே வளர்த்த கிட்டசாட்டோ என்னும் சப்பானியர், ஆசிரியர் மறைந்த செய்தி கேட்டு, தோக்கியோவில் தம் ஆய்வுக்கூட வளாகத்திலேயே அவருக்கு ஒரு சிறு கோயில் எடுத்தார்.