ஸ்மித் கட்டிய மாளிகைக்கு ஏன் கெல்லி பெயர்? பேராக் துரையின் கதையும் குடும்பப் பெயர்களின் கணக்கும்

ஈப்போ பக்கம் வளர்ந்தவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீங்க. கோப்பேங்கிலிருந்து பத்து காஜா போகும் சாலையில், ஆற்றை ஒட்டிய மேட்டில், கூரை முடியாமல் நிற்கும் செங்கல் மாளிகை. கெல்லீஸ் காசல். பேய்க்கதை, சுரங்கப்பாதைக் கதை எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுடுவோம்.

இங்கே கேட்கப்போவது வேற கேள்வி. அதைக் கட்டியவருடைய குடும்பப் பெயர் ஸ்மித். அப்படின்னா அது ஸ்மித் காசல் என்றுதானே இருக்கணும்? ஏன் கெல்லி?

கேள்வி சின்னதுதான். ஆனால் பதிலைத் தேடிப் போனால், ஜெர்மனியின் ஷ்மிட் முதல் உங்கள் மைகாட்டில் இருக்கும் ஏ/எல், ஏ/பி வரைக்கும் வந்து நிற்கும்.

யார் இந்த ஆள்?

வில்லியம் ஸ்மித் 1870ல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், மோரே பகுதியில் பிறந்தார். ஊர் பெயர் கெல்லாஸ். சின்ன விவசாய கிராமம். இருபது வயதில், 1890ல், மலாயாவுக்குக் கப்பலேறினார். சிவில் என்ஜினியர் வேலை. பேராக்கில் அவருக்கு வேலை கொடுத்தவர் சார்ல்ஸ் அல்மா பேக்கர் என்ற நியூசிலாந்துக்காரர். அரசாங்கத்துக்காக நிலம் அளப்பதும் காடு அழிப்பதும் அந்த நிறுவனத்தின் தொழில்.

கவனிச்சீங்களா? ஸ்மித் என்றால் கொல்லர். பேக்கர் என்றால் ரொட்டி சுடுபவர். கொல்லர் குடும்பப் பெயர்க்காரர், ரொட்டிக்காரர் குடும்பப் பெயர்க்காரரிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். இருவரில் ஒருவரும் இரும்பையோ மாவையோ தொட்டதில்லை. எப்போதோ வாழ்ந்த ஒரு தாத்தாவின் தொழில், பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. ஸ்மித் வந்திறங்கிய 1890ல் நீரிணைக் குடியேற்றங்களின் கவர்னராக இருந்தவரும் ஒரு ஸ்மித்தான். செசில் கிளமெண்டி ஸ்மித், 1887 முதல் 1893 வரை அந்தப் பதவியில் இருந்தார். உறவெல்லாம் இல்லை. ஸ்மித் என்று சொன்னால் எந்த ஸ்மித் என்று கேட்கவேண்டிய நிலைமை, அவ்வளவுதான். கவர்னருக்குக் கிளமெண்டி கைகொடுத்தது. நம்ம ஆளுக்குக் கெல்லி.

கெல்லி என்பது அவருடைய அம்மா வழிப் பெயர் என்பதே பரவலாகச் சொல்லப்படுவது. அம்மாவின் குடும்பப் பெயரை நடுப் பெயராக வைத்துக்கொள்வது ஸ்காட்லாந்தில் பழைய வழக்கம். ஊர் பெயரான கெல்லாஸையும் இந்தக் கெல்லியையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். ரெண்டும் வேற. ஊர் பெயரை அவர் தன் தோட்டத்துக்கு வைத்தார்: கிந்தா கெல்லாஸ். பாதி இங்குள்ள ஆறு, பாதி அங்குள்ள கிராமம்.

உலகம் முழுக்க ஏன் இத்தனை கொல்லர்கள்?

ஐரோப்பாவில் ஆரம்பத்தில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு கிராமத்தில் மூணு ஜான் இருந்தால், கொல்லன் ஜான், ஆலைக்காரன் ஜான், குட்டை ஜான் என்று கூப்பிட்டார்கள். ஊர் பெருகி, வரி வசூலிக்கப் பட்டியல் எழுத ஆரம்பித்த பிறகு, அந்த அடைமொழி பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அப்படியே போய்ச் சேர்ந்தது. பேரன் தையல்காரனாகப் போனாலும் பெயரில் கொல்லன்தான்.

ஜெர்மன் மொழியில் கொல்லர் என்பதற்கான சொல்லிலிருந்து வந்த குடும்பப் பெயர்தான் ஷ்மிட். முன்னாள் மேற்கு ஜெர்மனிப் பிரதமர் ஹெல்முட் ஷ்மிட்டைக் கேள்விப்பட்டிருக்கலாம். ஜெர்மனியில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர்களில் முல்லர் முதலிடம், ஷ்மிட் இரண்டாமிடம். முல்லர் என்றால் மாவரைக்கும் ஆலைக்காரர்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கு. ஷ்மிட் ஒரே மாதிரி எழுதப்படுவதில்லை. கொலோன் நகரம் இருக்கும் ரைன்லாந்துப் பக்கம் ஷ்மிட்ஸ் என்பார்கள். தெற்கே பவேரியா பக்கம் கடைசி எழுத்தைக் குறைத்து எழுதுவார்கள். வேறு சில பகுதிகளில் அதே எழுத்து இரண்டு தடவை வரும். இதையெல்லாம் தனித்தனியாக எண்ணினால் முல்லர் ஜெயிப்பார். ஒன்றாகச் சேர்த்து எண்ணினால் கொல்லர் முந்திவிடுவார்.

நமக்கு இது புதுசில்லை. ஈப்போவில் உங்கள் கண்டனீஸ் நண்பர் சான், பினாங்கிலிருக்கும் ஹொக்கியன் நண்பர் டான், ஹக்கா நண்பர் சின். சீன எழுத்தில் எழுதினால் பல நேரம் மூணு பேருக்கும் ஒரே பெயர். எழுத்துக்கூட்டலை நம்பி எண்ணினால் மூணு குடும்பம், எழுத்தைப் பார்த்து எண்ணினால் ஒன்று.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து இரண்டிலும் ஸ்மித்துக்குத்தான் முதலிடம். அமெரிக்காவின் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 24 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஸ்மித். ஹங்கேரியில் கோவாச், அரபு நாடுகளில் ஹத்தாத், இத்தாலியில் ஃபெராரி. ஆமாம், கார் ஃபெராரியேதான். எல்லாமே இரும்போடு சம்பந்தப்பட்ட பெயர்கள். காரணம் சிம்பிள். கிராமத்தில் கலப்பை, கதவுக்கீல், குதிரை லாடம் செய்ய ஒரு கொல்லர் கட்டாயம் வேணும். கிராமத்துக்கு ஒருத்தர் என்றால், நாட்டுக்கு எத்தனை ஆயிரம்?

வேடிக்கை என்னன்னா, கிராமத்துக்குள் அந்தப் பெயர் நன்றாக வேலை செய்தது. அங்கே கொல்லர் ஒருத்தர்தானே! நகரத்துக்கும், கப்பலேறி வெளிநாட்டுக்கும் போனபோதுதான் எல்லாக் கிராமத்துக் கொல்லர்களும் ஒரே வரிசையில் வந்து நின்றார்கள். அடையாளம் காட்டப் பிறந்த பெயர் அடையாளத்தை மறைக்க ஆரம்பித்தது. வில்லியம் ஸ்மித் மாட்டியது அங்கேதான். கெல்லி அவரை அதிலிருந்து மீட்டது.

ரப்பர் காசும் பாதி மாளிகையும்

காடு அழித்த வேலையில் கிடைத்த லாபத்தில் ஸ்மித் பத்து காஜா பக்கம் சுமார் 1,000 ஏக்கர் நிலம் வாங்கினார். ரப்பர் போட்டார், ஈயத் தொழிலிலும் இறங்கினார். ஊருக்குப் போய் ஆக்னஸ் என்பவரைக் கல்யாணம் செய்து அழைத்து வந்தார். முதலில் மகள் ஹெலன். 1910ல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனபோது, கையில் தோட்டம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் பெரிய மனிதர்கள் ஆனார்கள். இவரும் அதில் ஒருவர். கெல்லாஸ் ஹவுஸ் என்று முதல் வீட்டைக் கட்டினார். அதன் மிச்சச் சுவர்கள் இன்றும் மாளிகைக்குப் பின்னால் இருக்கு.

1915ல் மகன் ஆண்டனி பிறந்தான். அதே ஆண்டு பெரிய மாளிகைக்கு அடிக்கல். ஆறு மாடிக் கோபுரம், மலாயாவில் யாரும் பார்க்காத லிப்ட், மொட்டைமாடியில் விருந்து என்று திட்டம் பிரமாண்டமாக இருந்தது. செங்கல் இந்தியாவிலிருந்து வந்தது. கட்டும் ஆட்களும் சென்னை மாகாணத்திலிருந்து வந்தார்கள். சுமார் எழுபது தமிழர்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

பிறகு 1918ல் உலகையே உலுக்கிய ஸ்பானிஷ் ஃப்ளூ காய்ச்சல் தோட்டத்துக்கும் வந்தது. வேலையாட்கள் செத்து விழுந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் மாரியம்மனுக்கு ஒரு கோயில் கேட்டதாகவும், துரை கட்டிக்கொடுத்ததாகவும், நன்றிக்காக அவர்கள் கோயில் கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே அவருக்கும் ஒரு சிலை வைத்ததாகவும் சொல்வார்கள். சிலை உண்மைதான். மாளிகையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலில் நீங்களே போய்ப் பார்க்கலாம். கோட்டு சூட்டு போட்டு ஒருத்தர் மேலே நிற்பார்.

1926 டிசம்பரில் ஸ்மித் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் நிமோனியாவில் இறந்தார். வயது 56. மாளிகைக்கு லிப்ட் வாங்கப் போனபோது என்பது ஊர்க்கதை. ஆக்னஸ் மலாயா திரும்பவில்லை. தோட்டம் ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்ட் கம்பெனிக்கு விற்கப்பட்டது. மாளிகையைக் காடு மூடியது. பிறகு துப்புரவாக்கி, டிக்கெட் போட்டு, இன்று நீங்கள் செல்ஃபி எடுக்கும் இடமாகியிருக்கு.

அவர் கதை இவ்வளவுதான். நூறு வருஷம் கழிந்தும் அவர் பிறந்த ஊர், மனைவி, பிள்ளைகள், இறந்த நகரம் எல்லாம் நமக்குத் தெரியுது. அந்த எழுபது பேரில் ஒருத்தர் பெயராவது மாளிகைச் சுற்றுலாவில் உங்கள் காதில் விழுந்திருக்கா?

செக்ரோலில் இருந்த ராமசாமிகள்

அவர்களுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டார்கள். கிராணி செக்ரோலில் எழுதினார். ஆனால் எழுதியது ஒரே பெயர்: ராமசாமி, முனியாண்டி, மாரியாயி. தேவைப்பட்டால் இன்னார் மகன் என்று ஆங்கிலத்தில் எஸ்/ஓ. அதுதான் பின்னாடி மலாய் மொழியில் ஏ/எல் ஆனது, பெண்களுக்கு ஏ/பி.

ஒரு தோட்டத்தில் நாலு ராமசாமி இருந்தால்? குட்டை ராமசாமி, நெட்டை ராமசாமி, ஆட்டுக்கார ராமசாமி. உங்கள் பாட்டியைக் கேட்டுப் பாருங்க, இப்படி ஒரு பட்டியலே சொல்வாங்க. ஜெர்மன் கிராமத்தில் நடந்ததும் இதேதான். அங்கே குட்டை என்ற சொல் குர்ட்ஸ் என்றும் நெட்டை என்ற சொல் லாங் என்றும் இன்றைக்கும் குடும்பப் பெயர்களாக உலாவுது. நம்ம லயத்து அடைமொழிகள் வாயோடு நின்றுவிட்டன. செக்ரோலில் ஏறவே இல்லை.

அப்பா பெயரைச் சேர்ப்பதும் தமிழர்களுக்கு மட்டுமான பழக்கமில்லை. ஈப்போ ஆண்டர்சன் பள்ளியின் பெயரையே எடுத்துக்கோங்க. ஆண்டர்சன் என்றால் ஆண்ட்ரூவின் மகன். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் மக் என்றால் மகன். மக்கோவன் என்ற பெயருக்கு அர்த்தம் கொல்லன் மகன். அவர்களில் பலர் ஆங்கிலத்துக்கு மாறியபோது ஸ்மித் ஆகிவிட்டார்கள். அப்படிப் பார்த்தால் மக்கோவன் என்பதும் ஏ/எல் கொல்லன்தான்.

வித்தியாசம் ஒன்றே ஒன்று. அவர்களுடையது உறைந்துபோனது. இன்றைய ஆண்டர்சனின் அப்பா பெயர் ஆண்ட்ரூ இல்லை, ஆனாலும் பெயர் நகரவில்லை. நம்முடையது தலைமுறைக்குத் தலைமுறை நகரும். உங்கள் பெயரில் அப்பா இருக்கிறார், தாத்தா இல்லை. அப்பாவின் பெயரில் தாத்தா இருக்கிறார், பூட்டன் இல்லை. ஒவ்வொரு சங்கிலிக் கண்ணியும் பக்கத்துக் கண்ணியை மட்டும்தான் பிடித்திருக்கு. நடுவில் ஒரு காகிதம் தொலைந்தால் அதற்கு மேலே ஏற வழியில்லை.

எனக்குத் தனிப்பட்ட முறையில் நம்ம முறைதான் பிடிக்கும். சாதியையோ ஏதோ ஒரு தாத்தாவின் தொழிலையோ வாழ்க்கை முழுக்கச் சுமக்க வேண்டியதில்லை. விமான டிக்கெட் ஃபார்மில் கடைசிப் பெயர் கேட்கும்போது அப்பா பெயரைப் போட்டுவிட்டு, அப்புறம் வெளிநாட்டில் எல்லாரும் நம்மை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவது வேற கதை. ஆனால் குடும்ப மரம் வரையும்போது இந்த முறை கொஞ்சம் கஷ்டப்படுத்தும், அதை ஒத்துக்கணும்.

உங்கள் பூட்டனைத் தேடினால்

பேராக் தோட்டங்களில் பெரும்பாலானவர்களின் முன்னோர் கங்காணி மூலம் வந்தவர்கள். இந்திய அரசு 1938ல் அந்த ஆள்சேர்ப்பைத் தடை செய்தது. ஆக நீங்கள் தேடப்போவது அநேகமாக அதற்கு முன்பு கரையிறங்கிய ஒருத்தரை.

கையில் இருக்கும் பழைய பிறப்புச் சான்றிதழிலிருந்து ஆரம்பிங்க. அதில் பிள்ளையின் அப்பா பெயர் இருக்கும். அந்த அப்பாவின் திருமண, இறப்புச் சான்றிதழ்களில் அவருடைய அப்பா பெயர் இருக்கான்னு பாருங்க. தோட்டத்தின் பெயரைக் குறிச்சு வைங்க, ஏன்னா முனியாண்டி ஆயிரம் பேர் இருக்கலாம், ஒரு குறிப்பிட்ட தோட்டத்து முனியாண்டி சில பேர்தான். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் சொந்த ஊர் பெயரையும், தோட்டத்தில் கூப்பிட்ட அடைமொழியையும் சேர்த்துக் கேளுங்க. கேலியாகத் தோன்றினாலும் எழுதி வைங்க.

எழுத்துக்கூட்டலை மட்டும் நம்பாதீங்க. தமிழில் ஒரே முனியாண்டி, ஆங்கில எழுத்தில் கிராணிக்குக் கிராணி மாறும். கூடப் பிறந்த அண்ணனுக்கும் தம்பிக்கும் அப்பா பெயர் ரெண்டு விதமாக எழுதப்பட்டிருப்பது நம்ம வீடுகளில் சாதாரணம். தேடும்போது ஷ்மிட், ஷ்மிட்ஸ் மாதிரி எல்லா வடிவத்தையும் போட்டுத் தேடுங்க.