அதிபரை வீழ்த்திய அழுத்தம்

இடைநிலைப்பள்ளியில் வரலாற்றை மலாய் மொழியில் படித்த காலத்தில், பிராங்கிளின் ரூஸ்வெல்ட் என்பது தேர்வுக்காக நான் மனனம் செய்த ஒரு பெயர், அவ்வளவுதான். பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் அவருடைய நோயைப் பற்றிப் படித்தேன். அப்பாவை நினைத்துக்கொண்டே படித்தேன். லோரி ஓட்டும் அப்பா, தலைவலியோ மயக்கமோ இல்லையே என்று இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியிருந்த நேரம் அது.

ரூஸ்வெல்ட் 1882-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். 39-வது வயதில் போலியோ அவரது கால்களை முடக்கியது. ஆயினும் மனம் தளராமல் 1933-இல் அமெரிக்க அதிபரானார். நான்கு முறை தேர்தலில் வென்றார். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பகை அவருக்குள் வளர்ந்தது.

1935-இல் அவரது இரத்த அழுத்தம் 136/78. 1937-இல் அது 162/98 ஆகவும் 1941-இல் 188/105 ஆகவும் ஏறியது. வயதானால் அழுத்தம் ஏறுவது இயல்பே என்று அக்கால மருத்துவர்கள் பலர் எண்ணினர். அதைக் குறைக்க நல்ல மருந்தும் அப்போது இல்லை.

அழுத்தம் உயர்ந்தால் இருதயத்தின் இடது கீழறை கூடுதல் பலத்தோடு இரத்தத்தைத் தள்ள வேண்டும். நாளடைவில் அதன் சுவர் தடித்து, பிறகு விரிந்து, களைத்துப்போகும். நுரையீரலில் நீர் சேரும். 1944 மார்ச் மாதம் இருதய மருத்துவர் ஹோவர்ட் புரூயன் ரூஸ்வெல்ட்டிடம் கண்டது இந்த நிலையைத்தான். டிஜிடாலிஸ் மருந்தும் ஓய்வும் ஓரளவு உதவின. ஆனால் தமக்கு என்ன நோய் என்று ரூஸ்வெல்ட் கேட்கவே இல்லை. போரும் நின்றபாடில்லை.

1945 ஏப்ரல் 12 அன்று, வார்ம் ஸ்பிரிங்ஸில் ஓவியர் ஒருவர் தம்மை வரைந்துகொண்டிருந்தபோது, கடுமையான தலைவலியோடு அவர் மயங்கிச் சாய்ந்தார். அழுத்தம் 300/190-ஐத் தாண்டியிருந்தது. மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு அன்றே மறைந்தார். அப்போது அவருக்கு வயது 63.

1948-இல் அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகரில் 5,209 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. உயர் இரத்த அழுத்தம், புகைபிடித்தல், கொழுப்பு ஆகியவை இருதயத்தைக் கெடுக்கும் என்பதை அது உலகுக்கு உணர்த்தியது.

ஓரிரவு சாப்பாட்டுக்குப் பின் இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். ஓர் அதிபருக்கே கிடைக்காத மருந்து நம் வீட்டு அலமாரியில் கிடக்கிறது என்றேன். அவர் பதில் பேசவில்லை. மறுநாள் காலை, மாத்திரைப் பொட்டலம் எங்கே என்று அம்மாவிடம் கேட்டார்.

நண்பர்களே, இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போனதும் நீங்களும் அந்த அலமாரியைத் திறந்து பாருங்கள்.