தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள்

கேரளத்தின் தலைச்சேரியில் 1897 நவம்பர் 4 அன்று பிறந்தவர் ஜானகி அம்மாள். சென்னையில் இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் முனைவர் பட்டம் பெற்றார். பெண்ணுக்குத் திருமணமே போதும் எனக் கருதப்பட்ட அந்நாளில், அவர் நுண்ணோக்கியைத் துணையாகக் கொண்டார்.

நாடு திரும்பியவர், 1932 முதல் 1934 வரை நம் திருவனந்தபுரத்தில் மகாராஜா அறிவியல் கல்லூரியின் தாவரவியல் பேராசிரியராக விளங்கினார். பின்னர்க் கோயம்புத்தூர்க் கரும்பு ஆய்வு நிலையத்திற்குச் சென்றார். நம் பெற்றோர் தமிழகத்திலிருந்து இங்கு வந்தனர். அவரோ இங்கிருந்து தமிழகம் புகுந்தார்!

தடித்த கரும்பு இனிப்பு மிக்கது. ஆயினும் வட இந்தியக் குளிரைத் தாங்காது. ஆதலால் பார்பர், வெங்கட்ராமன் ஆகிய அறிஞர்கள் அதனை ஆற்றங்கரைக் காட்டுக் கரும்புடன் முன்னரே கலந்திருந்தனர். ஜானகி அம்மாள் இன்னும் துணிந்து, கரும்பை மக்காச்சோளத்துடன் கலந்தார். இவ்வாறு உறவு விலகிய செடிகளைக் கலந்தால், பிறக்கும் செடி பெரும்பாலும் மலடாகும். காரணம் மகரந்தத்தில் உள்ளது.

பூவின் மகரந்தப்பையில் தாய்ச்செல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் பிரிந்து நான்கு மகரந்த மணிகளைத் தரும். அதற்குமுன், செல்லினுள் நூல்போல் உள்ள குரோமோசோம்கள் இரண்டிரண்டாக இணைசேர வேண்டும். அப்போதுதான் பங்கீடு சமமாகும். கலப்புச் செடியிலோ பல குரோமோசோம்களுக்கு ஏற்ற இணை இல்லை. பங்கீடு குலைகிறது, மகரந்த மணி சுருங்கி வெறுங்கூடாகிறது. கரணை நட்டுப் பயிரிடும் உழவருக்கு இதனால் இழப்பில்லை. புதுவகை காண முயலும் அறிஞருக்கோ வழியே அடைபடுகிறது. எனவே குரோமோசோம்களை எண்ணிப் பார்ப்பதையே ஜானகி அம்மாள் தம் வாழ்நாட்பணியாகக் கொண்டார்.

1939-இல் எடின்பரோ நகரில் நடந்த மரபியல் மாநாட்டிற்குச் சென்றபோது உலகப்போர் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கி, குண்டுவீச்சுக்கிடையே ஆய்வைத் தொடர்ந்தார். ஒரு காட்டுச் சோளச் செடியின் மகரந்தத் தாய்ச்செல்லில் காணப்படும் மிகைக் குரோமோசோம்கள், அதே செடியின் வேரில் இல்லாமற்போவதை 1940-இல் வெளியிட்டார். ஒரே செடிக்குள் இத்தகைய வேறுபாடு இருப்பது வியப்பிற்குரியதன்றோ? டார்லிங்டன் என்னும் அறிஞருடன் இணைந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்த பெருநூலை 1945-இல் வெளியிட்டார்.

பின்னர் விஸ்லி தோட்டத்தில் கொல்கிசின் என்னும் நஞ்சைச் செடிகளில் இட்டு ஆராய்ந்தார். நம் செங்காந்தளிலும் உள்ள நஞ்சு அது. அது குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும். இரட்டித்தால் ஒவ்வொன்றிற்கும் இணை கிடைக்கும். மலட்டுக் கலப்புச் செடியும் மகரந்த வளம் பெறக்கூடும். அங்கு அவர் ஆராய்ந்த மக்னோலியா மரங்களுள் ஒருவகை அவர் பெயரையே தாங்கி வெண்மலர் பூக்கிறது.

நேருவின் அழைப்பை ஏற்று 1951-இல் தாயகம் திரும்பினார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சென்னையை அடுத்த மதுரவாயலில் முதுமையிலும் ஆய்வை விடாது நடத்தி, 1984 பிப்ரவரியில் மறைந்தார்.