ஜெட் விமானம் தந்த பிராங்க் விட்டல்

வானில் இரைந்து செல்லும் ஜெட் விமானத்தை அண்ணாந்து பார்க்காதவர் நம்மில் எவருமிலர். அதற்குரிய இயந்திரத்தை ஆக்கித் தந்தோருள் முதன்மையானவர் பிராங்க் விட்டல்.

இவர் 1907ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் பிறந்தார். தந்தையார் இயந்திரத் தொழிலாளி. அவருடைய சிறிய பட்டறையே மகனுக்கு முதற் பள்ளியாயிற்று.

பதினைந்து வயதில் விமானப் படையில் சேர விரும்பித் தேர்வெழுதி வென்றார். ஆயினும் உயரம் ஐந்தடியே எனக் கூறித் திருப்பி அனுப்பிவிட்டனர். விட்டல் கடும் உடற்பயிற்சி செய்து மூன்று அங்குலம் வளர்ந்தார். அப்போதும் மறுத்தனர். மனந்தளராது மறுபடியும் விண்ணப்பித்து, 1923 செப்டம்பரில் கிரான்வெல் என்னும் ஊரில் தொழிற் பயிலுநரானார்.

அங்கே அவருக்குப் படை ஒழுங்குமுறை சற்றும் பிடிக்கவில்லை. அவரைத் தேற்றியவை மாதிரி விமானங்களே. ஓய்வு நேரமெல்லாம் தோழர்களுடன் அவற்றைச் செய்து பறக்கவிட்டார். விளையாட்டென்று பலர் எண்ணிய இக்கைத்திறனே மேலதிகாரியின் கண்ணிற்பட்டது. 1926இல் அதிகாரிகளுக்கான கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது.

ஊதிய பலூனை முடிச்சிடாது விட்டால், காற்று பின்னே சீறிவர, பலூன் முன்னே பாயுமன்றோ? காற்றை உள்ளிழுத்து, அழுத்தி, எரிபொருளுடன் எரித்து, வெப்ப வாயுவைப் பின்புறம் பீச்சினால் விமானமும் அவ்வாறே பாயும் என்று விட்டல் கண்டார். 1930இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அரசோ அதனைப் பொருட்படுத்தவில்லை. 1935இல் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டிய ஐந்து பவுன் இல்லாமல் அவ்வுரிமை கைநழுவியது!

பின்னர் நண்பர்கள் துணைநிற்க, 1937 ஏப்ரல் 12இல் முதல் இயந்திரத்தை இயக்கினார். அது கட்டுக்கடங்காது அலறிச் சுழல, சுற்றி நின்றோர் ஓட்டமெடுத்தனர். விட்டல் மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

ஜெர்மானியர் 1939இலேயே ஜெட் விமானத்தைப் பறக்கவிட்டு முந்திக்கொண்டனர். எனினும் 1941 மே 15 மாலை, விட்டலின் இயந்திரம் பூட்டிய குளோஸ்டர் ஈ.28/39 என்னும் சோதனை விமானம் பதினேழு நிமிடம் பறந்தது. பறந்த இடம் எது தெரியுமா? சிறுவராய் அவர் மாதிரி விமானம் விட்ட அதே கிரான்வெல்!

1948இல் 'சர்' பட்டம் பெற்ற விட்டல், 1996 ஆகஸ்டில் அமெரிக்காவில் மறைந்தார். அச்சோதனை விமானம் இலண்டன் அறிவியல் அரும்பொருளகத்தில் உள்ளது. அதன் எழுபத்திரண்டில் ஒரு பங்கு மாதிரியை உதிரிப் பாகங்களாகப் பெட்டியிலிட்டு விற்றதுண்டு. சிறுவர் ஒட்டி முடித்தால், சிறகு விரித்த நிலையிலும் அது ஐந்து அங்குலத்திற்கு உட்பட்டதே.